மேகம் இன்னும் பதில் போடல

இல்லண்ணே, நீங்க எவ்வளவு குடுத்தாலும் இன்னிக்கு எடுத்துட்டுப் போக முடியாது. கோச்சுக்காதீங்க. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படிக் கட்டில்லயே உக்காருங்க, பரவால்ல. நான் இப்பதான் வேலை முடிஞ்சு வந்தேன், இன்னும் ஸ்வெட்டர்கூடக் கழட்டல பாருங்க. வெளிய வெயில் கொளுத்துது, நான் ஸ்வெட்டரோட நிக்கறேன். ஐஸ் கிடங்குல விடிய விடிய மீட்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறவனுக்கு உடம்புல சூடு ஏறவே மத்தியானம் ஆயிடும். நம்ம பொம்மை வண்டி சேக்கறவங்க குரூப்புல எனக்கு ஐஸ்பெட்டின்னு பேரு வச்சதே நீங்கதானே. நான் உங்களுக்கு டாக்ஸிக்காரர்னு வச்சேன். கணக்கு நேராப் போச்சு. அது கிடக்கட்டும், பொம்மை டாக்ஸியத் தவிர வேற வண்டியத் திரும்பியும் பாக்காத மனுஷன், இன்னிக்குத் தட்டுல இருக்கற மொத்த வண்டியும் வேணும்னு வந்து நிக்கறீங்க. காலம்தான்.

பாருங்க, எடுத்துப் பாருங்க, பாக்கறதுக்கு என்ன காசா. இந்தத் தட்டெல்லாம் என் பையன் அடிச்சது. பலகை வாங்கிட்டு வந்து, அறுத்து, தேய்ச்சு, அவனே அடிச்சான். கோணலா இருக்குடான்னேன். வண்டிக்கு ஏத்தம் இறக்கம் வேணாமாப்பான்னான். அவன் வாய் அப்படி. எல்லா வண்டியும் அவன் வச்ச மாதிரியேதான் நிக்குது. மேல் தட்டுல லாரி, நடுவுல பஸ், கீழ காரு. உங்க மஞ்ச டாக்ஸிங்க அதோ அந்த மூலைல. தனியா இருக்கட்டும், டாக்ஸிக்காரர் வந்தா கண்ணு வைப்பாருன்னு ஒளிச்சு வச்சிருந்தான். நீங்க அவன் காரியத்துக்கு வந்தப்பகூட வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டீங்க, இந்த ரூமுக்கு வரல. நான் கவனிச்சேன். அதுக்குத் தாங்ஸ்ணே.

தெரியும், தெரியும். விதிப்படி இப்ப உங்க முறை. நான் இல்லன்னா சொல்றேன்? விதிய எழுதினதே நான்தானே. முன்பணம் வந்துட்டா ஒதுக்கியாச்சுன்னு போட்டோ மேல எழுதிடணும். குடுத்தவரு பேச்சு மூச்சில்லாமப் போயிட்டா மூணு தடவை ஞாபகப்படுத்தணும். அதுக்கும் அசையலன்னா நேரா போன் போட்டு ஒரு வார்த்த கேக்கணும். எடுக்கலன்னா முன்பணம் போச்சு, சாமான் வரிசைல அடுத்த ஆளுக்கு. அத வச்சுத்தானே உங்க பால் வண்டிய இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுத்தேன். நீங்க மச்சினி கல்யாணத்துல பந்தியப் பாத்தீங்களே தவிர போனப் பாக்கல. அன்னிக்கு நீங்க கெஞ்சினீங்க. விதின்னா விதிதான்னு பெரிய நீதிபதி மாதிரிப் பேசினேன். ஆமா, இன்னும் வயிறெரியும்தான். எரியட்டும். இன்னிக்கு அந்த எரிச்சலையும் சேத்துத்தான் கொண்டு வந்திருக்கீங்கன்னு தெரியுது.

ஆளு யாருன்னா, மேகம். குரூப்புல அதான் பேரு. படத்துக்குப் பதிலா ஒரு வானம், அதுல ஒரு துண்டு மேகம். நான் விக்கறேன்னு போட்டோ போட்ட அன்னிக்குத்தான் உள்ள வந்திருக்காங்க. வேற யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல, வித்ததில்ல. அவன் இவன்னு பேசாதீங்கண்ணே, யாருன்னு தெரியாம எதுக்கு. அவங்க எழுதினது மொத்தமே ரெண்டு வரி. எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன், பிரிச்சு விக்காதீங்க. இது ஒண்ணு. எதையும் துடைக்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம், ஏணியச் சரி பண்ண வேண்டாம். இது ரெண்டு. அவ்வளவுதான். அட்வான்ஸ் வந்து விழுந்துச்சு. அதோட சரி.

ஏணின்னா, நீங்க கையில வச்சிருக்கீங்களே, அந்தத் தீயணைப்பு வண்டியோட ஏணி. நுனியப் பாருங்க. பல்லுத் தடம். அவனுக்குப் பல்லு முளைக்கற வயசுல அதத்தான் கடிச்சுக்கிட்டுத் திரிவான். பெயிண்ட் வயித்துக்குள்ள போயிடும்னு அவங்கம்மா பிடுங்கினா வீடே இடிஞ்சு விழற மாதிரி அழுவான். நீங்க போட்டோல அதப் பாத்ததும் விலைய இறக்கினீங்க. நியாயம். சேக்கறவன் அப்படித்தான் செய்வான். நானா இருந்தாலும் இறக்குவேன். ஆனா மேகம் இறக்கல. அது மட்டுமில்ல, இன்னொண்ணும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஆளுங்க எந்த வண்டியப் பாத்தாலும் முதல்ல கேக்கற கேள்வி என்ன? வாங்கினப்ப வந்த பெட்டி இருக்கா. நீங்க உள்ள வந்து கால் வைக்கறதுக்குள்ள அதத்தான் கேட்டீங்க, எப்படி இருக்கேன்னுகூடக் கேக்கல. மேகம் பெட்டியப் பத்திப் பேச்சே எடுக்கல. எந்தக் கம்பெனி, எந்த வருஷம், சக்கரம் மாத்தினதா, ஒண்ணும் கேக்கல. சரி, காசு இருக்கற புது ஆளு போலருக்கு, ஆசைல வாங்கறாங்கன்னு விட்டுட்டேன்.

ஏன் விக்கணும்னு கேக்கறீங்க. அன்னிக்கே கேட்டீங்க, நான் பேச்ச மாத்திட்டேன்.

இந்த ரூம்ல ஜன்னல் இல்ல, கவனிச்சீங்களா? பகல்ல தூங்கறவனுக்கு இருட்டு வேணும்ல, அதுக்காகத்தான் இந்த ரூம். கட்டில் ஒண்ணுதான். ராத்திரி அவன் தூங்குவான், பகல்ல நான் தூங்குவேன். நான் விடிஞ்சு வரும்போது அவன் வேனத் துடைச்சுக்கிட்டு நிப்பான். டெலிவரி வேன் ஓட்டினான்ல. வாசல்ல ஒரு பார்வை பாத்துக்குவோம், அவ்வளவுதான் அப்பன் மகன் சகவாசம். நான் உள்ள வந்து படுத்தா மெத்தைல அவன் சூடு இருக்கும். கிடங்குல இருந்து விறைச்சுப் போய் வர்றவனுக்கு அது என்னன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியல. போர்வைய இழுத்துக்கூடப் போத்திக்க மாட்டேன். அப்படியே அந்தப் பள்ளத்துல விழுந்து தூங்கிடுவேன்.

சாலை ஓரமா நிறுத்தி டயர் மாத்திட்டிருந்திருக்கான். வண்டி ஓட்டும்போதுகூட இல்ல பாருங்க. நின்ன வண்டி. பின்னால வந்தவன் பாக்கல.

அதுக்கப்பறம் இந்த ரூம்ல படுத்தா, இதுங்க எல்லாம் என்னப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. எல்லாத்தோட முகமும் கட்டில் பக்கம். அவன் அப்படித்தான் வச்சான், படுத்துக்கிட்டே பாக்கறதுக்கு. கண்ண மூடினாச் சக்கரம். கண்ணத் தொறந்தாச் சக்கரம். கிடங்குல மீட்டர் முன்னாடி உக்காந்தபடியே கண்ணசந்து போயி, குளிரு இறங்கிப் போச்சு, ஒரு லோடு பூரா வீணாச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டோட இருந்துக்கன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. வீட்டோட இருந்து என்ன பண்றது? இங்கயும் இதுங்கதானே. போர்வையப் போட்டுத் தட்ட மூடிப் பாத்தேன். மூடினா இன்னும் மோசம், பொணத்த மூடின மாதிரி.

சரின்னு ஒரு நாள் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். இதெல்லாம் குடுத்துடலாமான்னு. அவ துணிய வெட்டிக்கிட்டிருந்தா. தலைய நிமித்தல. உங்க இஷ்டம்னா.

ஆமாண்ணே, உங்க இஷ்டம். நீங்களும் குடும்பஸ்தன்தான், அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா தூக்கமில்லாத மனுஷனுக்கு எது சாதகமோ அதுதான் காதுல விழும். சரின்னு சொல்லிட்டாள்ல, அப்படின்னு எடுத்துக்கிட்டுப் போட்டோ எடுத்துப் போட்டுட்டேன். அதுக்கப்பறம் அவ என்கூடப் பேசறதில்ல. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. தட்டு வைப்பா, டீ வைப்பா, கதவத் தொறப்பா. பேச்சு மட்டும் கிடையாது. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பா. அந்த ஒண்ணுமில்லயும் இப்ப நின்னு போச்சு.

அந்தக் கடகடா சத்தம் அவதான். தையல் மெஷின். இந்தப் பக்கம் சுவரில்ல, பலகைத் தடுப்பு, அதான் இங்கயே வச்சு ஓட்டற மாதிரி கேக்குது. முன்னெல்லாம் சும்மா பொழுது போகத் தைப்பா, தெருவுல ரெண்டு பேருக்கு. இப்ப எங்க இருந்தோ பள்ளிக்கூடத் துணி, ஆஸ்பத்திரித் துணின்னு மூட்டை மூட்டையா வருது. ராத்திரியும் ஓட்டறாளாம், பக்கத்து வீட்டுக்காரர் என்கிட்ட குறை சொல்றாரு. எதுக்கும்மா இவ்வளவுன்னு கேட்டேன். ஊசியில நூலக் கோத்துக்கிட்டே இருந்தா.

எங்க விட்டேன்? ஆங், மேகம். அட்வான்ஸ் வந்து ஆளு காணோம். நானும் முறைப்படிதான் போனேன். முதல் மெசேஜ், வணக்கம், தங்கள் நலம் எப்படி, சாமான்கள் தயாராக உள்ளன, அப்படின்னு கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதினேன். நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல. ரெண்டாவது மெசேஜ்ல நலம் விசாரிப்ப எடுத்துட்டேன். நீல டிக். பதில் இல்ல. மூணாவதுல விதியப் போட்டேன், இன்ன நாளுக்குள்ள தொடர்பு கொள்ளலன்னா முன்பணம் திரும்பாதுன்னு. போட்ட உடனே நீல டிக் விழுந்துச்சு. அப்பவும் பதில் இல்ல. எனக்கு அப்படி ஒரு கோவம். படிக்கத் தெரியுது, ரெண்டு எழுத்து அடிக்கத் தெரியாதா? ஏதோ திருட்டுப் பய, மத்தவங்க வாங்காம இருக்கறதுக்காகக் கட்டிப் போட்டிருக்கான்னு நானும் உங்கள மாதிரிதான் நெனச்சேன். அவன் இவன்னுதான் நானும் பேசினேன். செத்துப் போயிருப்பாங்களோன்னு குரூப்புல ஒருத்தர் கேட்டாரு. செத்தவங்க மெசேஜ் படிப்பாங்களா?

போனும் போட்டேன். எடுக்கல.

ஆமா, எடுக்கலன்னா உங்க முறை. அங்கதான் நிக்குது விஷயம். நான் அடுத்த ஆளுக்குத் திறந்து விடல. ஏன்னா, விடல. சும்மா ஒரு இது. அதுக்கப்பறமும் மெசேஜ் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். விதியெல்லாம் இல்ல. வேற. இந்த நீலப் பஸ் பின் சக்கரம் கழண்டு வந்துச்சு, நீங்க சொன்னதால ஒட்டல, பக்கத்துலயே வச்சிருக்கேன், அப்படின்னு போட்டேன். இன்னொரு நாள், இந்தக் குப்பை லாரிய நான் பழைய சாமான் கடைல இருந்து வாங்கிட்டு வந்தப்ப அவன் என்கூட ஒரு வாரம் பேசல, ரேஸ் காருதான் கேட்டிருந்தான், அப்பறம் அந்தக் குப்பை லாரிதான் அவனுக்கு உசுரு, அப்படின்னு போட்டேன். நேத்து, கிடங்குல இருந்து வரும்போது அவன் வேன் மாதிரியே ஒண்ணு போச்சு, பின்னாடியே நடந்து போயிட்டேன், தப்பான தெருவுல போய் நின்னேன்னு போட்டேன். எல்லாத்துக்கும் நீல டிக்.

சிரிங்க. மேகத்தோட குடும்பம் நடத்தறியான்னு கேக்கறீங்க. சிரிங்கண்ணே, எனக்கே சிரிப்பு வருது. வியாபாரம் பண்ற ஆளு இப்படிப் பேசினா வாங்கறவங்க ஓடிப் போயிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா. ஆனா படிக்கறாங்கண்ணே. கடைசி எழுத்து வரைக்கும் படிக்கறாங்க. தூக்கமா? இப்பவும் பெருசா இல்ல. ஆனா போட்டுட்டுப் படுத்தா கொஞ்சம் வருது. சக்கரம் வர்ற இடத்துல அந்த டிக்கு வருது.

அய்யோ, பர்ஸ உள்ள வைங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே, இந்தத் தடுப்பு ஒண்ணுத்துக்கும் ஆகாது. இல்ல, அந்த விலைக்கும் இல்ல. அதுக்கு மேலயா? எதுக்குண்ணே இப்படி ஏத்திக்கிட்டே போறீங்க, உங்களுக்கே இது கட்டாது. அந்த டாக்ஸிங்கள மட்டும் தனியா வேணும்னாலும் முடியாது, பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் ஏத்தறீங்களா? இன்னிக்கே ரொக்கமா, பெட்டி இல்லாட்டியும் பரவால்லன்னு நீங்களா சொல்றீங்க? டாக்ஸிக்காரரே, உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு. வேண்டாம், சத்தம் போடாதீங்க. கேளுங்க, நான் ஒதுக்கியாச்சுன்னு எழுதினது எழுதினதுதான். விதிய மீறினேன்னு நீங்க குரூப்புல போடுங்க. என்னத் தூக்கிட்டு வேற ஆள அட்மினா உக்கார வைங்க. எனக்கு ஒண்ணும்...

இருங்க.

மெஷின் நின்னுடுச்சு.

ஒண்ணுமில்ல, இருங்க. போன் அடிச்சுச்சு. கண்ணாடி எங்க... தா, தலைலயே இருக்கு. பணம் வந்திருக்கு. மேகம்கிட்ட இருந்துதான். முன்பணத்துக்கு மேல இன்னும் கொஞ்சம். பெரிய தொகை இல்ல, உங்க பர்ஸுல இருக்கறதுல கால்வாசிகூட வராது. சில்லறையா, முழுசு முழுசாக்கூட இல்ல. கையில இருந்தத அப்படியே வழிச்சு அனுப்பின மாதிரி.

மெசேஜா? மெசேஜ் ஒண்ணுமில்ல. பணம் மட்டும்தான்.

இப்ப நீங்க விலை ஏத்தினது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. நல்ல கேள்விதான். மெஷின் திரும்ப ஓடுது, கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன். நான் அன்னிக்கு போன் போட்டேன்னு சொன்னேன்ல, இங்கதான் படுத்திருந்தேன், நீங்க உக்காந்திருக்கற இடத்துல. இங்க மணி போகுது, அந்தப் பக்கம் மெஷின் நிக்குது. மெஷின் பலகை மேல ஒரு போன் கிடந்து துடிக்கற சத்தம் கேட்டுச்சு. மரத்துல போன் துடிச்சா ஒரு சத்தம் வருமே, வண்டு மாதிரி, அது. நான் கட் பண்ணேன், நின்னுச்சு. திரும்பப் போட்டேன், திரும்பத் துடிச்சுச்சு. பையனோட பழைய போனு. நம்பர மட்டும் புதுசா வாங்கிப் போட்டிருக்கா. மூணாவது தடவை போட மனசு வரல. அவ எழுந்திருக்கல, எடுக்கவும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மெஷின் ஓட ஆரம்பிச்சுச்சு.

ஆமாண்ணே. அவதான்.

தண்ணி வேணுமா? வேண்டாமா? முகமே மாறிடுச்சு உங்களுக்கு.

விக்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேன்னுதான் நானும் முதல்ல நெனச்சேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். நான் இங்க தூங்காமப் புரள்றது அவளுக்கு அந்தப் பக்கம் கேக்குமே. கட்டில் கிரீச்சிடுமே. வேண்டாம்னா என் தூக்கம் போச்சு. சரின்னா அவளுக்கு என்ன மிச்சம்? அதான் அவளே வாங்கிக்கலாம்னு கிளம்பிட்டா. வாங்கி எங்க வைப்பா, எனக்குத் தெரியாம எந்த ஊருக்குக் கொண்டு போவா, அதையெல்லாம் அவ யோசிச்சாளோ என்னவோ. ராப்பகலாத் தைக்கறது அந்த மீதிக்குத்தான்.

போய்ச் சொல்லலாம். பலகையத் தட்டினாப் போதும், எழுந்து போகக்கூட வேண்டாம். ஆனா சொல்லிட்டா அவ மேகமா இருக்க முடியாதேண்ணே. அவளா இருந்தா நான் சொல்றத நின்னு கேக்க மாட்டா. மேகம்தான் கேக்குது. எல்லாம் கேக்குது.

வேண்டாம், அந்தத் தீயணைப்பு வண்டிய நானே வச்சுக்கறேன், குடுங்க. ஏணி சுவர்ப் பக்கமா நிக்கணும். நீங்க கிளம்புங்கண்ணே, வெயில் ஏறுது. குரூப்புல என்ன வேணாப் போடுங்க, ஆனா அவ பேரு வேண்டாம், மேகம்னே இருக்கட்டும். இப்ப நீங்க அந்தப் பக்கமாத்தான் வெளிய போகணும். அவளப் பாத்தா வர்றேம்மான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க. ரொம்ப நேரம் பாக்காதீங்க.

நான் இவங்களுக்குப் பதில் போடணும். பணம் வந்து சேந்தது, நன்றி. விலை கேட்டு வந்த இன்னொருத்தர் கிளம்பிட்டார். உங்க சாமான் எங்கயும் போகாது. மீதிக்கு அவசரம் இல்ல, கண்ணு கெட்டுப் போற அளவுக்கு எதுவும் செய்ய வேண்டாம்... இல்ல, அந்தக் கண்ணு வேண்டாம், அழிச்சுடறேன், கண்டுபிடிச்சுடுவா. அப்பறம் என்ன எழுதறதுண்ணே? இவ்வளவு வித்திருக்கீங்க, வாங்கியிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. அட்வான்ஸ் குடுத்த ஆள, சாப்பிட்டீங்களான்னு கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களா?